போட்டியாளன் வேறு, பகையாளி வேறு

உங்கள் வீட்டில் யார் சிலாங்கூர்? யார் சிங்கப்பூர்?

வாசக அன்பர்களே, ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் எவரிடமாவது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். மலேசியக் கிண்ண ஆட்டம் வானொலியில் ஒலிபரப்பாகும் இரவுகளில் லயத்து வாசலில் கூடிய கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். அண்ணன் சிலாங்கூர் பக்கம் நிற்பார். சிங்கப்பூரில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய சித்தப்பா சிங்கப்பூர் பக்கம் நிற்பார். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் பக்கத்தார் காப்பி வாங்கித் தர வேண்டும். மறுநாள் காலைப் பிரட்டில் அவர்கள் தலை நிமிர்ந்து வர முடியாது. கேலி அப்படி இருக்கும்!

காற்பந்தில் போட்டி என்பது அத்தனை பெரிய சங்கதியா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய சங்கதிதான். ஒரு நாட்டின் வரலாறும், மக்கள் ஒருவரோடு ஒருவர் பழகிய முறையும், சண்டை போட்டுக்கொண்டே உறவாக இருந்த பண்பும் அதில் அடங்கியிருக்கின்றன. அதனால்தான் இந்த இதழில் சிலாங்கூர், சிங்கப்பூர் போட்டியின் கதையை உங்கள் முன் வைக்கிறேன். தாய்மார்களும் படிக்கலாம். பந்து உதைக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கப்பல் தந்த கிண்ணம்

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் 'மலாயா' என்று ஒரு போர்க்கப்பல் இருந்தது. அதைக் கட்டும் செலவை ஏற்றுக்கொண்டது, அந்நாளில் ஒரே கூட்டரசாக இருந்த பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மலாய் மாநிலங்களின் அரசாங்கம். ஈயம் தோண்டி, ரப்பர் மரம் சீவி, வியர்வை சிந்திய மக்கள் வாழ்ந்த மாநிலங்கள் அவை. 1916ஆம் ஆண்டில் ஜட்லாந்து கடற்போரில் அந்தக் கப்பல் அடிபட்டது. மூழ்காமல் தப்பியது.

1921ஆம் ஆண்டில் அது மலாயாத் துறைமுகங்களுக்கு வந்தது. இங்குள்ளவர்கள் தந்த வரவேற்பில் மகிழ்ந்த கப்பல் அதிகாரிகளும் மாலுமிகளும் நன்றிக்கு அடையாளமாக இரண்டு கிண்ணங்களைப் பரிசளித்தார்கள். ஒன்று ரக்பி ஆட்டத்துக்கு, இன்னொன்று காற்பந்துக்கு. அந்தக் காற்பந்துக் கிண்ணத்துக்குத்தான் 'மலாயாக் கிண்ணம்' என்று பெயர் வந்தது. 1967ஆம் ஆண்டு முதல் அந்தப் போட்டி 'மலேசியக் கிண்ணம்' ஆனது.

முதல் இறுதியாட்டம் அதே 1921ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடந்தது. மோதியவர்கள் யார் தெரியுமா? சிலாங்கூரும் சிங்கப்பூரும்தான். 2-1 என்ற கோல் கணக்கில் சிங்கப்பூர் வென்றது. மறு ஆண்டும் அதே இரு குழுக்கள் மோதின. இம்முறை சிலாங்கூர் வென்றது. தொடங்கிய நாளிலேயே மூட்டப்பட்ட அடுப்பு அது!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டில்தான் முறைப்படி திறக்கப்பட்டது. பாலம் வருவதற்கு முன்பே பந்து இரு கரையையும் இணைத்துவிட்டது.

1921 முதல் 1941 வரை நடந்த ஒவ்வொரு இறுதியாட்டத்திலும் சிங்கப்பூர் இருந்தது. 21 ஆண்டுகள், 21 இறுதியாட்டங்கள்! எதிர்ப்பக்கத்தில் பெரும்பாலும் நின்றது சிலாங்கூர். 1928, 1929 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வெற்றி தோல்வி இல்லாமல் இருவரும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு ஜப்பான்காரன் வந்தான். பந்து உருள்வது நின்றது. சயாம் ரயில் பாதைக்கு நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோகப்பட்ட அந்தக் கொடிய காலத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்திலேயே அந்தக் கதை இருக்கும்.

தோட்டத்துக்கு வந்த பந்து

பட்டணத்துப் பெரிய ஆட்டம் இப்படி இருக்க, தோட்டத்தில் என்ன நடந்தது?

பெரும்பாலான பெரிய தோட்டங்களில் ஒரு திடல் இருந்தது. காலையில் மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் கொஞ்சம் கண்ணயர்ந்த பிறகு, வெயில் சாய்ந்ததும் இளைஞர்கள் அங்கே கூடுவார்கள். பலருக்குக் காலில் சப்பாத்து கிடையாது. மழை பெய்தால் திடல் சேறாகும். அதுவும் ஒரு சுகம்தான்.

மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் போட்டி. இந்தத் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் போட்டி. சில இடங்களில் திருவிழாவை ஒட்டி ஆட்டம், சில இடங்களில் தீபாவளியை ஒட்டி ஆட்டம். லோரியில் ஏறி மேளம் கொட்டிக்கொண்டு ஆதரவாளர்கள் போவார்கள். திடலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் கிராணியும் மண்டோரும் கூலியாளும் தோளோடு தோள் நிற்பார்கள். வெட்டுக்காட்டில் கை கட்டி நிற்க வேண்டிய பையன் திடலில் பந்தோடு ஓடும்போது, மண்டோரே அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத் தோட்டத்தின் மேடு பள்ளம் சற்று மறைந்துவிடும்.

அந்தப் போட்டிகளுக்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. வந்த குழு விருந்தாளி. ஆட்டத்தில் எவ்வளவு முட்டி மோதினாலும் முடிந்ததும் தேநீரும் பலகாரமும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அடுப்படியில் நின்றவர்கள் யார்? நம் தாய்மார்களும் தங்கைமார்களும்தான். சேறு படிந்த சட்டையைத் துவைத்துக் காயப்போட்டவர்களும் அவர்களே. குழுவின் புகைப்படத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் இல்லாமல் குழுவே இல்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. இந்த ஆண்டு நீ வந்தாய், அடுத்த ஆண்டு நான் வருவேன். தோற்றவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையில்தான் வென்றவன் கிண்ணத்தைத் துடைத்து வைத்திருந்தான். பக்கத்துத் தோட்டத்தானைத் திட்டிக்கொண்டே அவன் வருகைக்குக் காத்திருந்தான். போதாக்குறைக்குப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதே தோட்டத்தில்தான் நடக்கும். போன மாதம் காலைத் தட்டிவிட்டவன் இந்த மாதம் மாப்பிள்ளையாக வந்து பந்தலில் நிற்பான். என்ன செய்ய முடியும்?

நாடு பிரிந்தது, ஆட்டம் பிரியவில்லை

1965ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தின் முன்னோடியான மலாயாக் கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. அரசியலில் அது எவ்வளவு கசப்பான பிரிவு என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். ஜொகூர்த் தோட்டங்களில் அண்ணனும் செம்பவாங் கப்பல் தளத்தில் தம்பியுமாக இருந்த குடும்பங்கள் ஒரே இரவில் இரு நாட்டுக் குடும்பங்கள் ஆயின. பாலத்தைக் கடக்கக் கடப்பிதழ் காட்ட வேண்டிய காலம் வந்தது.

அத்தனைக்குப் பிறகும் சிங்கப்பூர்க் குழு மலேசியக் கிண்ணத்தில் தொடர்ந்து ஆடியது. ஒரு தனி நாடு இன்னொரு நாட்டின் மாநிலங்களோடு சேர்ந்து ஒரே கிண்ணத்துக்கு ஆடுவது உலகில் அபூர்வம். பிரிந்துபோன தம்பி பொங்கலுக்கு மட்டும் தவறாமல் அண்ணன் வீட்டுக்கு வந்துபோன மாதிரி அது.

வேறு இடத்தில் எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், ஹொண்டுராஸ் என்று இரண்டு சிறிய நாடுகள், அடுத்தடுத்த வீடுகள். 1969ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இரண்டும் மூன்று முறை மோதின. ஒவ்வோர் ஆட்டத்தைச் சுற்றியும் கலவரம். மூன்றாவது ஆட்டத்தில் 3-2 என்று எல் சால்வடோர் வென்றது. ஜூலை 14ஆம் நாள் இரண்டு நாடுகளுக்கும் இடையே உண்மையான போரே மூண்டது! சுமார் நூறு மணி நேரம் நீடித்த அந்தப் போரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். உலகம் அதைக் 'காற்பந்துப் போர்' என்று அழைத்தது.

ஆனால் அந்தப் பெயர் பாதி உண்மைதான். அடியில் இருந்தது நிலப் பிரச்சினை. சொந்த நாட்டில் நிலம் இல்லாத எல் சால்வடோர் ஏழைக் குடியானவர்கள் சுமார் 3 இலட்சம் பேர் பிழைப்புத் தேடி ஹொண்டுராசில் குடியேறி, காட்டைத் திருத்திப் பயிர் செய்து வாழ்ந்தார்கள். நிலச் சட்டம் என்ற பெயரில் ஹொண்டுராஸ் அரசாங்கம் அவர்களை விரட்டத் தொடங்கியது. குழந்தை குட்டிகளோடு அவர்கள் எல்லை தாண்டித் திரும்பினார்கள். அந்தக் கோபத்துக்கும் பயத்துக்கும் பந்து ஒரு தீக்குச்சி ஆயிற்று. பாடுபட்ட மண்ணிலிருந்து விரட்டப்படுவது என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மனிதனுக்குச் செய்த அநீதியை மறைத்துவிட்டு, பழியைப் பந்தின் மேல் போட்டார்கள்.

அதே 1969இல் நம் நாடும் மே 13 கலவரத்தைக் கண்டது. கோலாலம்பூரில் இரத்தம் சிந்தியது. ஆனால் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அதே நகரத்து மெர்டேக்கா அரங்கில் நடந்ததைப் பாருங்கள்.

ஏழு ஆண்டுகள், ஆறு மோதல்கள்

1970களில் சிலாங்கூர்க் குழுவில் ஆடியவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லுங்கள். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆர். ஆறுமுகம், எம். சந்திரன். மலாய்க்காரர், சீனர், சீக்கியர், தமிழர் எல்லாரும் ஒரே சிவப்பு மஞ்சள் சட்டையில்!

எதிரே சிங்கப்பூர்க் குழுவைப் பாருங்கள். குவா கிம் சோங், டோலா காசிம், சமாட் அல்லாப்பிச்சை, வளைந்து செல்லும் 'வாழைப்பழ உதை'க்குப் பெயர் பெற்ற எஸ். இராஜகோபால். சிலாங்கூரிலும் ஒரு கே. இராஜகோபால் ஆடினார். பிற்காலத்தில் மலேசியக் குழுவுக்குப் பயிற்றுநராகி, 2010ஆம் ஆண்டில் தென்கிழக்காசியக் கிண்ணத்தை நமக்கு வென்று தந்தவர் அவர்தான். அந்தப் பக்கமும் இராஜகோபால், இந்தப் பக்கமும் இராஜகோபால்!

1975 முதல் 1981 வரை நடந்த ஏழு இறுதியாட்டங்களிலும் சிங்கப்பூர் ஆடியது. அவற்றுள் ஆறில் எதிரே நின்றது சிலாங்கூர். 1975இல் சிலாங்கூர் 1-0. 1976இல் சிலாங்கூர் 3-0. 1977இல் மட்டும் சிங்கப்பூரின் எதிரி பினாங்கு. கூடுதல் நேரம் வரை சென்ற அந்த ஆட்டத்தில் 3-2 என்று வென்று, தனி நாடான பிறகு முதன்முறையாகச் சிங்கப்பூர் கிண்ணத்தைக் கொண்டுபோனது. 1978இல் சிலாங்கூர் 4-2. 1979இல் சிலாங்கூர் 2-0. 1980இல் 2-1 என்று சிங்கப்பூர் பழி தீர்த்தது. வெற்றிக் கோலைப் போட்டவர் அப்போது 18 வயதே ஆன ஃபண்டி அகமது. 1981இல் மீண்டும் சிலாங்கூர் 4-0.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மோதல்களில் சிங்கப்பூருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. ஐந்து முறை தோல்வி. ஆனாலும் அதன் ஆதரவாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் பேருந்துகளில் ஏறிக் கோலாலம்பூருக்கு வந்தார்கள். 1973இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசிய அரங்கில் ஐம்பதாயிரம் பேர் எழுப்பிய ஓசைக்குக் 'கலாங் முழக்கம்' என்றே பெயர் ஏற்பட்டது. போருக்கு முந்தைய காலத்தில் சிங்கப்பூரிடம் சிலாங்கூர் தோற்ற ஆண்டுகளும் ஏராளம். அப்போது சிலாங்கூர்க்காரர்கள் பொறுத்தார்கள். பிறகு சிங்கப்பூர்க்காரர்கள் பொறுத்தார்கள்.

சமமாக வெல்கிறவனே நல்ல போட்டியாளன் என்று நாம் நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்ற பிறகும் அடுத்த ஆண்டு திரும்பி வருகிறவனே நல்ல போட்டியாளன். அவன் வரும்போது கதவைத் திறந்து வைத்திருப்பவனே நல்ல வெற்றியாளன்.

பிரட்டில் கேட்ட பெயர்

ஆறுமுகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. கிள்ளான் துறைமுகத்துப் பிள்ளை. நீண்ட கைகள். கம்பத்துக்குக் கம்பம் பறந்து பந்தைப் பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்றார்கள். 1980ஆம் ஆண்டு ஏப்ரலில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவின் கோல் காவலர் அவர்தான். அரசியல் காரணமாக மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அவர் மாஸ்கோவைப் பார்க்கவில்லை. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' மலேசியப் படம் அந்த 1980 குழுவின் கதையைத் தழுவியதுதான். அதில் கோல் காவலராக வரும் தமிழ் இளைஞனைப் பார்த்துப் பல வீடுகளில் பெரியவர்கள் கண் கலங்கினார்கள்.

ஆறுமுகம் என்பது என்ன பெயர்? விடியற்காலைப் பிரட்டில் கிராணி ஏட்டைப் பார்த்துக் கூப்பிட்ட பெயர். ஒவ்வொரு லயத்திலும் ஓர் ஆறுமுகம் இருந்தார். "ஆஜர்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். அதே பெயரை மெர்டேக்கா அரங்கில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே குரலில் கூவியபோது, வானொலிப் பெட்டியருகே உட்கார்ந்திருந்த தோட்டத்து மனிதனுக்கு என்ன தோன்றியிருக்கும்? 'நாமும் இந்த நாட்டுக்காரர்தான்' என்று யாரும் சொல்லித் தராமலே அவனுக்குத் தெரிந்தது.

எதிர்ப்பக்கத்தில் சிங்கப்பூரின் தாக்குதல் எவ்வளவு பலமோ, அவ்வளவு உயரம் ஆறுமுகம் பறக்க வேண்டியிருந்தது. அவருடைய உயரத்தை நமக்குக் காட்டியவர்கள் எதிரணிக்காரர்கள். இதை மறந்துவிடக் கூடாது.

எப்படி முடிந்தது?

1982 முதல் 1984 வரை சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தில் இல்லை. 1985இல் திரும்பியது. வி. சுந்திரமூர்த்தி போன்ற புதிய நட்சத்திரங்கள் தோன்றினார்கள். 1994ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் அரங்கில் பகாங்கை 4-0 என்று வென்று சிங்கப்பூர் தன் 24ஆவது வெற்றியைக் கொண்டாடியது. அதுவே கடைசி. நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் இரு நாட்டுக் காற்பந்துச் சங்கங்களுக்கும் இடையே எழுந்த தகராறில் 1995இல் சிங்கப்பூர் விலகியது. மறு ஆண்டு தனக்கென்று ஒரு தொழில்முறைப் போட்டியைத் தொடங்கியது.

அதே காலத்தில் இன்னொரு நோயும் வெளிப்பட்டது. சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்ற கதை. இரு நாடுகளிலும் விசாரணைகள் நடந்தன. மலேசியாவில் ஆட்டக்காரர்கள் பலர் தடை செய்யப்பட்டார்கள். கூலியில் மிச்சம் பிடித்த காசைக் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவனும், நண்பனோடு காப்பிக்குப் பந்தயம் கட்டியவனும், உண்மை என்று நம்பி வானொலியருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் ஏமாந்தார்கள். அவர்களுடைய நம்பிக்கையைத்தான் விற்றார்கள்.

இடையில் 2012 முதல் 2015 வரை சிங்கப்பூரின் இளம் குழு ஒன்று மலேசியப் போட்டிகளில் ஆடியது. 2013இல் லீக் பட்டத்தையும் வென்றது. பிறகு அந்த ஏற்பாடும் நின்றது. சிலாங்கூர் 2015ஆம் ஆண்டில் 33ஆவது முறையாகக் கிண்ணத்தை வென்றது. பெருமைதான். ஆனால் பழைய ரசிகர்களிடம் பேசிப் பாருங்கள். 33 வெற்றிகளில் எதைச் சொல்லுவார்கள்? எதிரே சிங்கப்பூர் நின்ற ஆண்டுகளைத்தான் சொல்லுவார்கள்.

இப்படி ஒன்றை நன்றாகப் பாருங்கள். 1965இல் நாடு பிரிந்தது, போட்டி சாகவில்லை. ஆதரவாளர்கள் ஒருவரையொருவர் கேலி செய்து ஓய்ந்ததே இல்லை, அதனாலும் சாகவில்லை. பணத் தகராறும் பொய்யான ஆட்டமும் வந்தபோதுதான் அது சோர்ந்து விழுந்தது. போட்டியை வாழவைப்பது நாணயம். எதிரி என்னை ஏமாற்ற மாட்டான் என்ற நம்பிக்கை போனால் அவனோடு மோதுவதில் என்ன இருக்கிறது?

நமக்கு என்ன பாடம்?

அன்பர்களே, இது பழம்பெருமை பேசுவதற்காக எழுதியதல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய கவலைதான் என்னை எழுத வைத்தது.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீட்டு மனைகள் வந்தன. லயத்தைவிட்டு வந்த குடும்பங்கள் பல பட்டணத்து ஓரங்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறின. கோயிலை எங்கே வைப்பது, பள்ளிக்கூடத்தை எங்கே மாற்றுவது என்று போராடினோம். சரிதான். ஆனால் திடலைக் கேட்டுப் போராடியவர்கள் எத்தனை பேர்? திடல் போனபோது அதோடு பக்கத்துத் தோட்டத்துப் போட்டியும் போனது. சண்டைக்குப் பிறகு தேநீர் குடிக்கும் பழக்கமும் போனது.

இளம் இரத்தம் எதிரியைத் தேடும். அது இயற்கை. தேடி ஓடுவதற்குத் திடல் இருந்தால் அங்கே ஒரு நடுவர் இருப்பார், ஊதல் இருக்கும், தொண்ணூறு நிமிடத்தில் முடியும் என்ற எல்லை இருக்கும். திடல் இல்லாவிட்டால் தெருமுனையில் எதிரியைத் தேடுவான். அங்கே ஊதல் கிடையாது. எந்தக் குழு, எந்த எண் என்று பெருமையடித்துக்கொண்டு அடிதடியில் இறங்கிச் சிறைக்கும் சுடுகாட்டுக்கும் போன பிள்ளைகளின் தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?

வெளிநாட்டுக் குழுக்களின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து, மான்செஸ்டர் என்றும் லிவர்பூல் என்றும் பிள்ளைகள் கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள். தவறில்லை. ஆனால் அந்த எதிரி கண்ணெதிரே வந்து கைகுலுக்க மாட்டான். அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டிய கடமை நமக்கு வராது. பண்பு பழகுவதற்குப் பக்கத்து ஊர்க்காரன்தான் வேண்டும்.

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் பழைய படம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, ஒவ்வொருவர் பெயரையும் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். அன்று எதிர்த்து ஆடிய தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எதிரியின் பெயர் இல்லாமல் நம் வரலாறு முழுமையாகாது.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு முறையாவது பக்கத்துத் தோட்டத்தோடோ, பக்கத்துக் குடியிருப்போடோ, அடுத்த தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்களோடோ ஓர் ஆட்டம் வையுங்கள். பெரிய கிண்ணம் வேண்டாம். நிலையான தேதி ஒன்று இருந்தால் போதும். இம்முறை இங்கே, அடுத்த முறை அங்கே. பெண் பிள்ளைகளையும் ஆடவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் இரு பக்கமும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இம்முறை சமையலுக்கு ஆண்களும் வரட்டும்!

மூன்றாவது, தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் "எத்தனை கோல் வாங்கினாய்?" என்று கேட்காதீர்கள். "அடுத்த முறை எப்போது?" என்று கேளுங்கள். திரும்பிப் போகும் துணிவு அந்தக் கேள்வியில் இருக்கிறது. பல முறை தோற்றும் மறுபடியும் பேருந்து ஏறியவர்களிடம் இருந்தது அந்தத் துணிவுதான்.

நம் முன்னோர் கித்தாக் காட்டில் வாழ்ந்த வாழ்க்கையில் எதிர்த்து நிற்க முடியாத எதிரிகள் நிறைய இருந்தார்கள். பசி, காய்ச்சல், கடன், துரையின் கோபம். சரிசமமாக நின்று மோதக்கூடிய எதிரி அவர்களுக்குக் கிடைத்த இடம் அந்தத் திடல் ஒன்றுதான். அதை நம் பிள்ளைகளுக்கு மறுபடியும் தேடிக் கொடுப்போம்.

உங்கள் தோட்டத்தின் பரம எதிரி எந்தத் தோட்டம்? மறக்காமல் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.